நூதனசாலையில் இல்லாத யாழ்

வவுணதீவுப் பக்கத்துப் பாடசாலைகள் கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போனால், பார்க்கும் இடங்களின் பட்டியலில் இரண்டு பெயர்கள் தவறாமல் இருக்கும். ஒன்று தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. மற்றது நூதனசாலை. விடியுமுன்னே வலையிறவுப் பாலத்தைக் கடந்து, பஸ்சில் பாதி நித்திரையும் பாதிப் பாட்டுமாகப் போய் இறங்கும் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக் கட்டடம் ஓர் அரண்மனை போலத்தான் தெரியும். 1877ஆம் ஆண்டு தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில் திறந்த கட்டடம். உள்ளே கண்டி அரசனின் சிம்மாசனம், வாள்கள், நாணயங்கள், பொலனறுவைச் சிவன் கோயில்களில் கிடைத்த வெண்கலத் திருவுருவங்கள். அதே வளவில் இயற்கை வரலாற்று நூதனசாலை. அங்கே பாடம் செய்து வைத்த விலங்குகள், பறவைகள், எலும்புக்கூடுகள். பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது அங்கேதான்.

தமிழ்ப் பாடத்தில் யாழ் என்று படித்த ஒரு பிள்ளை, அது எந்த அறையில் இருக்கிறது என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? பழைய தமிழரின் யாழ் ஒன்றுகூட இன்று உலகின் எந்த நூதனசாலையிலும் இல்லை. கொழும்பிலும் இல்லை, சென்னையிலும் இல்லை, இலண்டனிலும் இல்லை. பின்னாளில் செய்த மாதிரிகள் உண்டு. பாணர் தோளில் சுமந்து ஊர் ஊராய்ப் போன கருவி ஒன்றும் மிஞ்சவில்லை. மரம் உளுத்தது, தோல் மக்கியது, நரம்பு அறுந்தது. பெயர் மட்டும் நின்றது. யாழ்ப்பாணம் என்று ஒரு நகரத்தின் பெயரிலேயே யாழ் இருக்கிறது, கருவிதான் இல்லை.

இல்லாத அந்தக் கருவியைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் செலவிட்டவர் நம் வாவிக்கரை மனிதர். சுவாமி விபுலானந்தர்.

அவர் பிறந்தது 1892 மார்ச் மாதம், காரைதீவில். அன்று அது மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல்தான். தந்தை சாமித்தம்பி, தாய் கண்ணம்மை. பிள்ளைக்குப் பெயர் மயில்வாகனம். காரைதீவு என்றால் கண்ணகை அம்மன் கோயில். வைகாசி பிறந்தால் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகை கோயில்களில் கதவு திறந்து சடங்கு தொடங்கும், வழக்குரை பாடுவார்கள், குளிர்த்தியோடு முடியும். சிலப்பதிகாரத்தை ஏட்டில் பார்க்குமுன் அதன் கதையைக் கோயில் வாசலில் கேட்டு வளரும் பிள்ளைகள் நம் பக்கத்துப் பிள்ளைகள். மயில்வாகனமும் அப்படித்தான் வளர்ந்திருப்பார். பிற்காலத்தில் யாழைத் தேடி அவர் முதலில் திறந்த கதவும் சிலப்பதிகாரம்தான். அதன் அரங்கேற்று காதையில் வரும் சில அடிகளும், அவற்றுக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையும் அவருடைய ஆய்வின் அத்திவாரம்.

கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்தார். பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி. அங்கே யேசு சபைக் குருமாரிடம் கணிதமும் ஆங்கிலமும் கற்று, பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறினார். படித்த கல்லூரியிலேயே சிறிது காலம் படிப்பித்தார். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார், தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து டிப்ளோமா பெற்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் தேறினார். யாழ்ப்பாணம் போய்ப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம், பிறகு மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவி. முப்பது வயதுக்குள் இவ்வளவும்.

பட்டங்களை வரிசையாகச் சொல்லிப் போவது நம்முடைய நினைவுக் கூட்டங்களின் பழக்கம். இங்கே அதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ஒரே ஆள் பண்டிதராகவும் இரசாயனம் படித்தவராகவும் இருந்தார் என்பதுதான் இந்தக் கதையின் திறவுகோல். தமிழ்ப் பண்டிதர் பலர் அந்த அடிகளுக்கு உரை சொன்னார்கள். அதை அளந்து பார்க்கலாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம், மரத்தில் செய்தும் பார்க்கலாம் என்று நினைக்க வேறு ஒரு பயிற்சி வேண்டியிருந்தது.

1922இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். இராமகிருஷ்ணரின் நேர்ச் சீடரான சுவாமி சிவானந்தர் 1924இல் அவருக்குத் துறவு கொடுத்து விபுலானந்தர் என்று பெயரிட்டார். மறுவருடம் இலங்கைக்குத் திரும்பி மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை எடுத்தார். குருவின் பெயரால் 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கே இருந்த காலத்தில், பல்கலைக்கழக வேலை முடிந்த பின் பக்கத்திலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குப் போய் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். காவி உடுத்த பேராசிரியர் ஒருவர் சேரிக்குள் போய் உட்கார்வது 1930களில் சின்ன விஷயமில்லை. அதே காலத்தில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சியிலும் முன்னின்றார். ஒரு பொருளுக்குச் சரியான பெயர் இல்லாவிட்டால் அந்தப் பொருளே கையைவிட்டுப் போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

யாழுக்கு நடந்தது இதன் மறுபக்கம். பெயர்கள் எல்லாம் இருந்தன, பொருள் போய்விட்டது.

பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை என்று ஒரு பாட்டு. முடத்தாமக்கண்ணியார் பாடியது, பாட்டுடைத் தலைவன் கரிகாலன். அதன் தொடக்கத்தில் ஒரு யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார் புலவர். வருணனை முழுவதும் காட்டிலும் வயலிலும் வீட்டிலும் கண்ட காட்சிகளால் ஆனது. யாழின் பத்தர், அதாவது ஓசை நிறையும் குடம், மானின் குளம்பு பதிந்த சுவடு போல நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிந்திருக்கும். அதன்மேல் போர்த்த தோலுக்கு விளக்குச் சுடரின் நிறம். தோலை இழுத்துத் தைத்த தையல், கருவுற்று அதிக நாளாகாத இளம்பெண்ணின் வயிற்றில் ஓடும் மென்மயிர் ஒழுங்கு போல. துளைகளை அடைத்து இறுக்கிய ஆணிகள் நண்டின் கண்கள் போல. மேலே வளைந்து எழும் கோடு, படமெடுத்துத் தலை நிமிர்ந்த பாம்பு போல. அந்தக் கோட்டில் நரம்பைக் கட்டும் திவவு, கரிய பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல் போல.

நண்டுக் கண் எப்படியிருக்கும் என்று வவுணதீவுப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வாவிச் சேற்றில் நண்டு கண்ணை நீட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளிழுக்கும். ஒரு சிறு முளை, தலை உருண்டை, துளைக்குள் இறுக்கமாக இருக்கும். இவ்வளவு விபரத்தையும் இரண்டு சொல்லில் வைத்துவிட்டார் புலவர். இயற்கை வரலாற்று நூதனசாலையும் தொல்பொருள் நூதனசாலையும் ஒரே வளவில் இருப்பது போல, அந்தப் பாட்டில் மானும் நண்டும் பாம்பும் யாழோடு சேர்ந்தே இருக்கின்றன.

அந்த யாழில் பாலைப் பண்ணை வாசித்தால் வழிப்பறி செய்யும் கள்வர்கூடக் கையிலுள்ள ஆயுதத்தைக் கீழே போட்டுவிடுவார்களாம். அதையும் அதே பாட்டு சொல்கிறது. சோதனைச்சாவடிகளைக் கடந்து பழகிய நமக்கு இதை வாசிக்கும்போது சிரிப்பும் வரும், வேறொன்றும் வரும்.

விபுலானந்தர் இப்படியான வரிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்தார். யாழ் வகைகளில் பேரியாழுக்கு நரம்பு 21, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரைகள் கணக்குச் சொல்கின்றன. ஏழு சுரங்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பழைய பெயர்கள் உண்டு. ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் தாயியில் கேட்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் குரலுக்கு இளி கிடைக்கும். இது எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மாறாத பௌதிகம். பண்டைப் புலவர் கேட்ட ஒலியை இன்று யாரும் கேட்க முடியாது. ஆனால் விகிதம் தெரிந்தால் ஒலியை மறுபடி பிறப்பிக்கலாம். கணக்கை இந்தப் பக்கமும் உரையை அந்தப் பக்கமும் வைத்து அவர் ஒப்பிட்டது இதற்காகத்தான்.

வடிவத்துக்குச் சிற்பங்கள் உதவின. ஆந்திரத்து அமராவதியில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய சுண்ணாம்புக் கற்களில் பெண்கள் வில் போல் வளைந்த கருவியை மடியில் வைத்து மீட்டுகிறார்கள். அந்தக் கற்களில் ஒரு பெரும் பகுதி இலண்டனில் இருக்கிறது, இன்னொரு பெரும் பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் செத்த காலேஜ் என்பார்கள். உயிருள்ள மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ். செத்தது என்று ஊர் சொன்ன இடத்தில், கல்லுக்குள் யாழ் ஒலிக்காமல் இருந்தது.

அதே காலத்தில் ஈராக்கில் இன்னொருவர் இதே மாதிரியான வேலையைச் செய்தார். லெனாட் வூலி என்ற ஆங்கிலேய அகழ்வாய்வாளர். 1920களின் இறுதியில் ஒரு பழைய நகரின் அரச கல்லறைகளைத் தோண்டினார். அந்த நகரின் பெயரும் ஊர்தான். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் புதைத்த நரம்புக் கருவிகளின் மரம் முழுவதும் மக்கிப் போயிருந்தது. ஆனால் மரம் இருந்த இடம் மண்ணுக்குள் வெற்றிடமாக, அதே வடிவில் மிஞ்சியிருந்தது. வூலி அந்த வெற்றிடத்துக்குள் சாந்தை ஊற்றினார். இறுகியபின் மண்ணை விலக்கினால் கருவியின் உருவம். அங்கே கிடைத்த கருவிகளில் ஒன்று பக்தாத் நூதனசாலைக்குப் போனது. 2003இல் போர் அந்த நகருக்குள் வந்தபோது நூதனசாலை சூறையாடப்பட்டது. அந்தக் கருவியும் உடைந்தது.

வூலிக்கு மண்ணில் வெற்றிடம் கிடைத்தது. விபுலானந்தருக்குக் கிடைத்தது சொற்களில். மானின் குளம்பும் நண்டின் கண்ணும் அவருக்கு அச்சுகள்.

இந்த வேலைக்கென்று அவருக்கு அமைதியான ஓர் இடம் கிடைத்ததில்லை. 1939இல் இமயமலை மாயாவதி ஆச்சிரமத்துக்குப் போய் பிரபுத்த பாரத என்ற ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தார். யாழ் ஆய்வும் கூடவே போனது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்புக்கு வந்தார். அப்போது அவர் படிப்பித்த இடத்திலிருந்து நமது பிள்ளைகள் சுற்றுலா போகும் நூதனசாலை நடந்து போகும் தூரம்தான். உடம்பு நலிந்துகொண்டு வந்தது. நூலோ முடிவதாயில்லை.

வாவியும் அவரை விடவில்லை. கல்லடிப் பாலத்தடியில் நிலவு நாளில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 1840களில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் இங்கே இரவில் தோணியில் போய் அதைக் கேட்டு எழுதினார். அவருக்கு அது இயற்கை வரலாறு. எந்த உயிர் அந்த ஒலியை எழுப்புகிறது, சிப்பியா மீனா என்பதுதான் கேள்வி. விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டதாரி என்றாலும் அந்த ஒலியை வேறு விதமாகக் கேட்டார். நீரரமகளிர் வாவிக்குள்ளிருந்து ஏழு சுரங்களையும் இசைப்பதாகப் பாட்டு எழுதினார். நீரரமகளிர் இன்னிசைப்பாடல் என்ற அந்தப் பாட்டு யாழ் நூலில் இடம்பெற்றது. இசை பற்றிய கணக்கு நூலுக்குள் மட்டக்களப்பு வாவி இப்படிப் போய்ச் சேர்ந்தது.

1947 ஜூன் 5, 6ஆம் திகதிகளில் யாழ் நூல் அரங்கேறியது. இடம் சோழ நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயில். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது, நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஒருவர் ஆதரவு கொடுத்தார். திருஞானசம்பந்தர் வந்தபோது ஆறு வெள்ளம் பெருகி ஓடக்காரர் எவரும் இல்லாதிருந்ததாகவும், அவர் பாடப் பாட ஓடம் தானாக அக்கரை சேர்ந்ததாகவும் பெரியபுராணம் சொல்லும் இடம் அது. அந்த ஆற்றங்கரையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. அவர் கண்ட முறைப்படி செய்த முளரியாழையும் சுருதிவீணை, பாரிசாதவீணை, சதுர்தண்டிவீணை முதலிய கருவிகளையும் தாங்கிச் சிலர் முன்னே போனார்கள். தஞ்சை மரபில் வந்த வீணை வித்துவான் க.பொ. சிவானந்தம் பிள்ளை அங்கே யாழை வாசித்துக் காட்டினார். நோயாளியாக இருந்த விபுலானந்தர் தன் காதால் அதைக் கேட்டார்.

நூலில் சொன்னதெல்லாம் முடிந்த முடிவு என்று யாரும் கொள்ளவில்லை. பண்களின் கணக்கிலும் சுரங்களின் அடையாளத்திலும் அவரோடு முரண்பட்டவர்கள் உண்டு. அவருக்கு முன்பே 1917இல் கருணாமிர்த சாகரம் எழுதிய ஆபிரகாம் பண்டிதரின் வழி வேறு. கச்சேரி மேடையும் யாழை ஏற்றுக்கொள்ளவில்லை. வீணை இருந்த இடத்தில் வீணையே இருந்தது. அண்மைய ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டில் இளையவர்கள் சிலர் யாழைச் செய்து மேடையில் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். இதனால் விபுலானந்தரின் உழைப்பு குறைந்துவிடாது. ஒருவர் அளவுகளோடு எழுதி வைத்தால்தான் அடுத்தவர் அதோடு சண்டை பிடிக்கவாவது முடியும்.

படுவான்கரையில் இருந்து இந்தக் கதையைப் படிக்கும்போது மனம் வேறு பக்கமும் போகிறது. யுத்த காலத்தில் வலையிறவுப் பாலம் ஓர் எல்லை. நகரம் ஒரு கையில், படுவான்கரை வேறு கையில். 2007 மார்ச்சில் செல்லடிக்குள் சனம் வாவியைக் கடந்து ஓடியபோது கையில் எடுத்தது பிள்ளைகளையும் ஒரு பையையும்தான். திரும்பி வந்தபோது பல வீடுகளில் கூரையும் இல்லை. போனவற்றின் பட்டியலை யாரும் எழுதவில்லை. நெல் அளந்த மரைக்கால், வெற்றிலை வைக்கும் வட்டா, அண்ணாவியாரின் கூத்துக் கொப்பி, வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பு, கோயில் வழக்குரை ஏடு, அப்பாவின் ஒரேயொரு படம். உயிரே போன இடத்தில் மரைக்காலைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பிழையாகப் படலாம். ஆனால் கரப்புடுப்புக்கு எத்தனை வளையம், எந்த மரத்தில் மத்தளம் கடைந்தார்கள், எந்தத் தோல் எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லக்கூடிய வயதானவர்கள் படுவான்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். கேட்டு எழுத ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

யாழ் நூலின் இரண்டாம் பகுதிக்கு யாழுறுப்பியல் என்று பெயர். யாழின் உறுப்புகளைப் பற்றியது. இசைக்குப் போகுமுன், பண்களுக்குப் போகுமுன், தேவாரத்துக்குப் போகுமுன், அவர் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கினார். நம் ஊர்களில் அவருக்குச் சிலை உண்டு, அவர் பெயரில் பாடசாலைகள் உண்டு, வீதிகள் உண்டு. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம் அவர் பெயரைத் தாங்கி இருக்கிறது. விழா மேடைகளில் யாழின் படத்தையும் கீறி வைக்கிறோம். அந்தப் படத்தில் திவவு எது, பத்தர் எது என்று கேட்டால் மேடையில் இருப்பவர்களில் எத்தனை பேர் விரலை வைத்துக் காட்டுவார்கள் என்பது சந்தேகம்தான்.

அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங்கள் அவர் உயிரோடு இருந்தார். 1947 ஜூலை 19ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 55. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு ஏழு மாதங்களுக்கும் குறைவான காலமே இருந்தது. பின்னால் வந்த எதையும் அவர் பார்க்கவில்லை. உடலை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, அவரே வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவில் சமாதி வைத்தார்கள். இறைவன் எந்த மலரை விரும்புவான் என்று கேட்கும் அவருடைய பாட்டு சமாதியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் பொங்கி வந்து கல்லடியையும் நாவலடியையும் அள்ளியது. சமாதி அங்கேயே இருக்கிறது.

வவுணதீவிலிருந்து அங்கே போக இரண்டு தடவை தண்ணீரைக் கடக்க வேண்டும். முதலில் வலையிறவு, பிறகு நகரத்தைத் தாண்டிக் கல்லடிப் பாலம். பக்கத்தில் 1924ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலமும் நிற்கிறது, வாகனங்கள் இப்போது 2013இல் திறந்த புதிய பாலத்தில் போகின்றன. காலையில் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். கொழும்புக்குச் சுற்றுலா போகும் பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. அது நகரத்தில் வடக்கே திரும்பி வாழைச்சேனை வீதியைப் பிடித்துவிடும். கல்லடிக்குப் போக மறுபக்கம் திரும்ப வேண்டும்.